சார் கூட்டி வந்த தகப்பன்மார்

எங்கள் கணக்கு சாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த மறுநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். தேறுகிறவனுக்கு நீலம், தேறாதவனுக்குச் சிவப்பு. பென்சிலைத் திருப்புகிறாரா இல்லையா என்று வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். வரிசையாக நாலு பேருக்கு நீலம் வைத்துவிட்டு என் பேருக்கு வந்ததும் அவர் விரல்கள் அந்தப் பென்சிலை ஒரு சுழற்றுச் சுழற்றியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு நீலப் புள்ளிக்காரர்கள் கரும்பலகைக்குப் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு மாறினார்கள். நாங்கள் ஏழு பேர் வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சுக்குப் போனோம். வாசலை ஒட்டி இருந்தால் வேலைக்குக் கூப்பிட வசதி.

கூப்பிடுவார்கள். பானையில் தண்ணீர் நிறைக்க, உடைந்த ஓட்டை மாற்ற, பள்ளிக்கூடத்துத் தென்னையில் தேங்காய் பறிக்க, ஆண்டு விழாவுக்குப் பந்தல் கால் நட. நான் ஒருவன் மற்ற ஆறு பேருக்கும் மேஸ்திரி போல. பதினாலு வயதில் தலைமையாசிரியர் அறை வராந்தாவுக்குச் சிமெண்டுத் தரை போட்டேன். கையில் ரசமட்டம் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, வழிந்த பக்கத்தை உயர்த்திப் பூசினேன். ஐம்பது வருடம் கழிந்தும் அந்தத் தரையில் விரிசல் விழவில்லை. எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்டு, மொத்தத் தரைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று மனக்கணக்காக நான் சொன்னதை சார் இடுப்பில் கை வைத்து நின்று கேட்டார். நான் சொன்ன அளவுக்கு ஒரு சட்டிகூட மிஞ்சவில்லை. சிரித்தார். "ஏலே, கணக்கு தாள்ல வரணும்லே. தரையில வந்து என்ன புண்ணியம்? ஒனக்குப் படிப்பு வராது, கை வரும். அதுவும் ஒரு வரந்தான், போ" என்றார். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அம்மையிடம் சொன்னேன். அம்மையும் சந்தோஷப்பட்டாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மேடைகளில் இதைச் சொல்லும்போது, "நானே புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொத்துக்கரண்டியை எடுத்தேன்" என்று சொல்வது என் வழக்கம். கேட்கிறவர்களுக்கு அது பிடிக்கும். நடந்தது வேறு. சார் என் அப்பாவை வரச்சொல்லி, 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. வெளியே வந்து, "சாரு ஒன்னப் பத்தி நல்லாத்தான் சொன்னாரு மக்கா" என்றார்.

அதற்குப் பிறகு நான் வந்த வழியை இந்த மாவட்டமே அறியும். கையாளாக மண் சுமந்தேன், கொத்தனார் ஆனேன், முப்பது வயதில் சொந்தமாகக் கட்டிட ஒப்பந்தம் எடுத்தேன். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: களியக்காவிளையில் தொடங்கி இராஜாக்கமங்கலம் கடற்கரை வரைக்கும் நான் கட்டாத வகை வீடு இல்லை. துபாய்க்காரர்கள் படத்தை ஃபோனில் அனுப்பிவிட்டு நம்பி அங்கே தூங்குவார்கள். மூன்று ஜேசிபி, இரண்டு கலவை இயந்திரம், எனக்குக் கீழே நாலு எஞ்சினியர்மார். அந்த நாலு பேரும் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே கலவை எப்படி என்று சொல்லிவிடுவேன். இப்போது இதை எழுதுவதும் நான்தான். எழுத்துப் பிழையை மட்டும் மருமகள் திருத்தித் தருகிறாள்.

சார் தலைமையாசிரியர் ஆன பிறகு ஒரு நாள் நான் வேலை நடத்திக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். கூடவே வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள். என்னைக் கண்டதும் சார், "என்னவே, சொகமா இருக்கீரா?" என்றார். ஏலே என்று கூப்பிட்ட வாய் என்னை நீர் என்று கூப்பிடுகிறது. என் ஆட்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்காலி போடச் சொன்னேன். டீயும் பழபஜ்ஜியும் வரவழைத்தேன். சார் அந்த ஆளிடம் என்னைக் காட்டி, "இவரு எங்கிட்டப் படிச்சவருதான். எத்தன வர படிச்சாருன்னு அவருகிட்டயே கேளும்" என்றார். வந்தவருடைய மகனுக்குப் பத்தாம் வகுப்பில் சிவப்புப் புள்ளி. அரசுப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் மேலே போவதற்கு முன்னால் அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு எடுக்க வேண்டும். தகப்பன் கையெழுத்துப் போட யோசிக்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்தி என் கதையைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு என்று சொன்ன இடத்தில் அவர் சிரித்தார். என் கீழே நாலு எஞ்சினியர் என்று சொன்ன இடத்தில் வாயைப் பிளந்தார். பழபஜ்ஜி தீருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதிலிருந்து அது வருடாவருடம் நடக்கிற காரியமாகிவிட்டது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னும் பின்னுமாக சார் யாராவது ஒரு தகப்பனைக் கூட்டிக்கொண்டு வருவார். சில வருடம் மூன்று பேர், நாலு பேர். நான் எந்த ஊரில் வேலை நடத்தினாலும் தேடி வருவார். ஒரு தடவை மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்தார். என் பேச்சும் வருடத்துக்கு வருடம் மெருகேறியது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஆளின் தோளில் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பையன்களில் கொஞ்சம் பேரை என் வேலைக்கே எடுத்துக்கொண்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில் துணி பேனர் கட்டுவார்கள். 'பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பெரிய எழுத்து, கீழே நன்கொடையாளர் என்று என் பெயர். நான் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வேன்.

சார் கெட்டவர் இல்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். நீலப் புள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் செய்தது பெற்ற தகப்பன் செய்ய மாட்டான். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பார். பரீட்சையன்று ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போய், பிள்ளைகள் எழுதி முடிக்கும் வரை வாசலில் வெயிலில் நிற்பார். பக்கத்து ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்த காலம். தேர்ச்சி குறைந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள், பிள்ளைகள் குறைந்தால் வாத்தியார் வேலைகள் போகும். "ஒருத்தன் தோத்தா ஒருத்தன் மட்டும் தோக்கல்லவே. பள்ளிக்கூடமே தோக்கும்" என்பார். அவர் அதை மனசார நம்பினார். பிள்ளை என்றால் அவர் கண்ணுக்கு மார்க்குதான் தெரியும். மற்றதெல்லாம், தரை போடுவது, பாட்டுப் பாடுவது, பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, எல்லாமே அவருக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நடக்கிற சமாச்சாரம்.

என்னிடம் பூச்சு வேலை பார்த்த ஒரு கொத்தனாரின் மகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டு வருவாள். சோற்றைக் கொடுத்துவிட்டுப் போக மாட்டாள். சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடத்துக்கு முன்னால் நின்று விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டிருப்பாள். நானும் விளையாட்டாக இது வாசல், இது சன்னல் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை மாடிப் படிக்கட்டுக்கு மேலே பீம் போடப் பலகை அடிக்க இருந்தோம். அவள் என்னிடம் வந்து, "மாமா, பத்தாவது படியில நிக்கும்போ தல முட்டும்லா?" என்றாள். "ஏட்டி, எஞ்சினியர் போட்ட பிளான் அது. நீ சோத்துப் பாத்திரத்த எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் போகவில்லை. "படி ஒண்ணுக்கு ஆறு இஞ்சி. பத்துப் படிக்கு அஞ்சடி. பீமுக்க கீழ்ப்பக்கம் ஒம்பதர அடியில வருகு. மிச்சம் நாலர அடிதான மாமா? யாரு அதுக்கடியில போவா?" என்றாள். கொத்தனார் வெட்கப்பட்டு, "ஏட்டி, வாயப் பொத்து" என்றார். நான் டேப்பை எடுத்து அளந்தேன். நாலரை அடி. எஞ்சினியர் பார்த்துவிட்டார், மேஸ்திரி பார்த்துவிட்டார், சுவரைத் தட்டிக் கலவை சொல்கிற நானும் பார்த்துவிட்டேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் சொல்லாவிட்டால், கட்டி முடித்து வீட்டுக்காரன் நெற்றியில் அடி வாங்கிய பிறகுதான் தெரிந்திருக்கும். "எனக்க வேலையில ஒரு குட்டி எஞ்சினியர் உண்டு" என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் சார் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணும் கூட வந்திருந்தாள். "கணக்குல இருவத்தெட்டுவே" என்றார் சார். எனக்கு நம்ப முடியவில்லை. சார் சொன்னார்: "வகுப்புல அவளுக்குத் தெரியாத கணக்கில்ல. பக்கத்துல இரிக்கிற பிள்ளைகளுக்கு என்னைவிட நல்லாச் சொல்லிக்குடுப்பா. அவ சொல்லிக்குடுத்ததுகள்ல நாலு பேரு நீலத்துக்கு வந்துட்டு. ஆனா தாளக் கையில குடுத்தா, ஒரு கணக்க மூணு விதமாப் போட்டுப் பாக்கா. மூணும் ஒத்து வந்தாத்தான் அடுத்த கணக்கு. மணி அடிச்சிரும். என்ன செய்யச் சொல்லுகீரு? ஒரு பிள்ளைக்காவண்டி நூறு போவும்." அவருக்கும் வருத்தம்தான், குரலில் தெரிந்தது. வருத்தத்தோடேயே தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

கொத்தனார் பேனாவைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க வேண்டாம்னு ஒரு சொல்லு சொன்னா நான் போடல்ல" என்றார். பெண் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "மாமா, ஒரு தடவ எழுதிப் பாக்கேன். தோத்தாத் தோக்கேன்" என்றாள்.

எனக்குத் தெரியும். ஒரு கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கிற ஆளுக்குக் கட்டிட வேலையில் என்ன விலை என்று அங்கே நின்றவர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வேண்டாம் சார், எழுதட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஆனால் சார் என்னை நீர் என்று கூப்பிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த ஜூன் மாதம் கட்டப்போகிற பேனரில் என் பெயர் இருந்தது. இதையெல்லாம் அன்று யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாய் தானாகத் திறந்து பழகிய பேச்சைப் பேசியது. "நான் எத்தன வர படிச்சேன்னு ஒனக்குத் தெரியும்லா?" என்று தொடங்கினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சார் சிரித்தார். தோளில் கை வைக்க வேண்டிய இடத்தில் கொத்தனாரின் தோளில் கை வைத்தேன். அடுத்த வருடம் தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதிக்கொள்ளலாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பெண் அழவில்லை. என் பக்கத்தில் வந்து, "மாமா, அந்தப் படி நான் சொன்னது சரிதான?" என்றாள்.

"சரிதான் மக்கா."

"பின்ன?"

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அடுத்த வருடம் அவள் எழுதவில்லை. எனக்கு வேலை நெருக்கடி, கொத்தனாருக்கு மூட்டுவலி. அவள் அண்டியாபீஸுக்கு, முந்திரி ஆலைக்கு, போகத் தொடங்கியிருந்தாள். முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, அந்த எண்ணெய் பட்டு, வரைபடத்தின் கோட்டைத் தடவிய விரல்கள் கருத்துத் தோல் உரிந்துபோயிருந்ததை ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, இப்போதும் அதே வேலைதான். சில வருடங்களுக்கு முன் காரை நிறுத்தி, இப்போதுகூட எழுதலாம், ஏற்பாடு செய்கிறேன் என்றேன். "இனி எதுக்கு மாமா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு நாள் உட்கார்ந்து சார் கூட்டி வந்த தகப்பன்மாரை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவர்களுடைய பிள்ளைகளில் என்னைப் போல வந்தவன் யார் என்று தேடினேன். என்னிடம் சேர்ந்தவர்கள் இன்னமும் என்னிடம் கலவை சுமக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. எனக்குத் தெரிந்து ஒருவன்கூட இல்லை. நான் மட்டும்தான். எனக்கே அது எப்படி நடந்தது என்று சரியாகத் தெரியாது.

போன மாசம் சார் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள், நான் கட்டிக்கொடுத்த மண்டபத்தில். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு போனேன். மைக்குக்கு முன்னால் நின்றதும், முன்வரிசையில் சாரின் மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வாய் பழைய பேச்சையே பேசியது. நன்றாகக் கை தட்டினார்கள். இறங்கி வந்து தலைமையாசிரியையைத் தனியாகக் கூப்பிட்டேன். அவரும் சாரிடம் படித்தவர்தான், நீலப் புள்ளி. சார் ஓய்வு பெற்ற பிறகும் தகப்பன்மார் என்னிடம் வருவது நிற்கவில்லை. "டீச்சர், இனி எந்தத் தகப்பனையும் எங்கிட்ட அனுப்பாண்டாம்" என்றேன்.

"இனி அனுப்ப வேண்டிய தேவையே இல்லியே ஐயா" என்றார் அவர், மரியாதையாக. "இந்த வயசுல உங்கள எதுக்குத் தொந்தரவு செய்யணும்? இன்னைக்குப் பேசுனத முழுசா வீடியோ எடுத்தாச்சு. ஃபோன்ல காட்டுனாப் போதும்."

பத்து நாள் பொறுத்தேன். பிறகு அதை அழிக்கச் சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தாவில் ஏறும்போதே அறைக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. சிரிக்க வேண்டிய இடம் வந்தது. உள்ளே ஒரு ஆள் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். கடல் வேலைக்குப் போகிற ஆள், கையில் மாற்றுச் சான்றிதழ். பின்னால் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. என்னைக் கண்டதும் அவருக்கு நம்ப முடியவில்லை. "ஐயா! இப்பத்தான உள்ள உங்களப் பாத்தேன்!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அதத் திருப்பிக் குடும்வே" என்றேன். "நான் அதுல சொன்னது பொய். நானாப் படிப்ப விடல்ல. எனக்க அப்பன்கிட்டக் கையெழுத்து வாங்கி வெளிய விட்டாவ. அன்னைக்கு முழுக்க நான் தென்னந்தோப்புல இருந்து அழுதேன். உம்ம மகள எழுத விடும்."

அவர் தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மண்டபத்தை, நான் வந்து இறங்கிய காரை, என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண் நிறைய மரியாதையோடு சிரித்தார்.

"கேட்டியா பிள்ள" என்றார் மகளிடம். "பெரிய ஆளுக இப்பிடித்தான், பெருமையே பேசமாட்டாவ."

பெண்பிள்ளை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதை நம்பியது அந்த வராந்தாவில் அவள் ஒருத்திதான். அப்பா கையைப் பிடித்து இழுக்க, படியிறங்கிப் போனாள்.